வடக்குச் சுவரில் வாசல் வெட்டலாம்

போன ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்தின் வடக்குச் சுவரை ஓர் இளம் இஞ்சினியர் விரல் முட்டியால் தட்டினார். பிறகு சுத்தியலை வாங்கி ஓரமாகக் கொத்திப் பார்த்தார். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. காய்ந்த சிமெண்டுத் தூசியின் வாசனை எழுந்தது. உன் புடவையில் எப்போதும் இருந்த வாசனை அது. கல்யாண வீட்டுக்குப் பட்டு கட்டி வந்தால்கூட மல்லிகைப்பூவை மீறிக்கொண்டு வரும். நான் மூக்கைச் சுளித்தால், "ஏட்டி, இதுதான் எனக்குச் சோறு போடுத வாசன" என்பாய். நீ போன பிறகு அது என் பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

துடைத்து முடிப்பதற்குள் அந்த இளைஞர் சொன்னார்: "இது வெறும் அடைப்புச் சுவர் அண்ணாச்சி. பில்லர்தான் எல்லாத்தையும் தாங்குது. இதைப் போயி பாரம் தாங்குற சுவர், கை வைக்கக்கூடாதுன்னு எந்த இஞ்சினியர் சொன்னது? அடிப்படையே தெரியாதவங்களா இருப்பாங்க போலிருக்கே."

உன்னைத்தான் சொன்னார். கையில் டேப்போடு ஏணியில் ஏறிக் கம்பிக்குக் கம்பி இடைவெளி அளந்தவளை, ஒரு சிமெண்டு மூட்டை கட்டி தட்டிப்போயிருந்தால் வந்த லோடையே திருப்பி அனுப்பியவளை, நீ கட்டிய மண்டபத்துக்குள்ளேயே நின்றுகொண்டு சொன்னார். மண்டபக் கமிட்டி முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். வாயைத் திறக்காவிட்டால் நீ முட்டாள். திறந்தால், நீ பாடுபட்டுத் தடுத்து வைத்த ஒன்று அன்றைக்கே அந்தச் சுவரில் வந்து நிற்கும். என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் சண்டை போடாத நாள் உண்டா? பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது யார் ஜன்னலோரம் என்று சண்டை. வளர்ந்த பிறகு இஞ்சினியர்கள் மனிதர்களில் சேர்த்தியா இல்லையா என்று சண்டை. நான் வரலாறு படித்துவிட்டு இங்கேயே பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் ஆனேன். நீ திருநெல்வேலியில் கட்டடப் பொறியியல் படித்தாய். படித்த கையோடு சென்னைக்கோ துபாய்க்கோ போவாய் என்று வீட்டில் நினைத்திருக்க, நீ சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் போர்டு மாட்டினாய். பள்ளி விட்டதும் நான் அங்கே ஏறி வந்துவிடுவேன். நீ வரைந்துகொண்டே இருப்பாய். நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

என் பேச்சில் பாதி உன் இஞ்சினியர் இனத்தைத் திட்டுவதுதான். "உங்களுக்கெல்லாம் உலகமே ஒரு மெஷின். ஒரு ஸ்குரூவத் திருகினா வறுமை போயிரும், இன்னொண்ணைத் திருகினா சாதி போயிரும்னு நினைக்கிய. மனுசன்னா உங்க கணக்குல எத்தனை கிலோங்கதுதான்" என்பேன். நீ தலையை நிமிர்த்தாமல், "ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரு சராசரி வச்சிருக்கோம். உன்னை மாதிரி ஆளு வரும்னு தெரிஞ்சா கொஞ்சம் கூட்டிப் போடுவோம்" என்பாய். கீழே மருந்துக்கடைக்காரருக்கு நம் சிரிப்புச் சத்தம் பழகிப்போயிருந்தது.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தோமே, மறந்திருக்க மாட்டாய். சமூகத்தை நன்றாகப் புரிந்தவர்கள் வரலாறும் இலக்கியமும் படித்தவர்களா, பொறியியல் படித்தவர்களா என்று தலைப்பு. பொறியியல் அணிக்கு ஆள் கிடைக்காமல் உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நான் முதலில் பேசி வெளுத்து வாங்கினேன். "காதலைப் பற்றிக் கேட்டால் எந்த அலகில் என்று கேட்பவர்கள் இஞ்சினியர்கள். வீட்டில் சண்டை வந்தால் பெண்டாட்டிக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள்" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் முறை வந்தது. மைக் முன்னால் நின்றவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தப் பந்தல்ல ஒரு குறுக்குக் கம்பு வளைஞ்சிருக்கு, யாராவது பாத்தீங்களா?" என்றாய். அதற்கும் சிரிப்பு. தலைப்புக்கு வாருங்கள் என்று நடுவர் மணியடித்தார்.

நீ வந்தாய். ஒரே ஒரு விஷயம் சொன்னாய். "ஒரு பாலம் விழுந்துட்டா நீங்க யாராலன்னு கேப்பிய. நாங்க எதனாலன்னு கேப்போம். யாராலன்னு மட்டும் கேட்டா ஒருத்தரைப் பிடிச்சு உள்ள வைக்கலாம். அடுத்த பாலமும் விழும்." சொல்லிவிட்டு இறங்கிப் போய், பந்தல்காரரைத் தேடிக் கூட்டி வந்து அந்தக் கம்பைக் காட்டினாய். என் அணிதான் ஜெயித்தது.

அன்று மாலை மாடியிலும் நான் விடவில்லை. "எதனாலன்னு கேட்டுக் கேட்டே யாராலங்கதை மறைச்சிருவிய. மண்ணு செரியில்ல, மழை கூடுதல்னு எழுதி எல்லாரையும் காப்பாத்திருவிய" என்றேன். நீ பென்சிலைக் கீழே வைத்தாய். "அதுவும் செரிதான்" என்றாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் செரிதான் என்று சொல்லிவிட்டால், அப்புறம் நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியாது என்று அந்த நாட்களில் நான் உண்மையாகவே நம்பினேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டு நிற்க, நீ சந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "என்ன பாக்க?" என்றேன். "இவ்வளவு பேரும் எந்த வழியா வெளிய போவாவன்னு பாக்கேன்" என்றாய். இவளுக்குப் பக்தியும் இல்லை, பக்கத்தில் நிற்கிற முகங்களும் கண்ணில் படவில்லை என்று நினைத்தேன். சற்று நேரத்தில் நெரிசல் வந்தது. நீ என் கையையும், நமக்கு முன்னால் கைக்குழந்தையோடு திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையையும் பிடித்து, ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த சந்து வழியாக இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாய். அந்தப் பெண் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. செருப்பைக் காணோம் என்று பேச்சை மாற்றினாய்.

அதன்பிறகு வந்ததுதான் மண்டபம்.

புளியங்குடி சாலையில் எங்கள் தெருவும் அதை ஒட்டிய தெருக்களும் சேர்ந்து, கல்யாணம் காதுகுத்து நடத்த ஒரு பொதுமண்டபம் கட்ட முடிவு செய்தன. கமிட்டித் தலைவர் கமிஷன்கடை அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சம்பழம் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். கமிட்டியில் என்னையும் போட்டார்கள், படித்த பொம்பளை ஒருத்தி இருக்கட்டும் என்று. நான் உன்னைக் கொண்டுவந்து விட்டேன். அண்ணாச்சிக்கும் உன்னைத் தெரியும். முந்தின வருடம்தான் அவர் கடையை நீ கட்டிக் கொடுத்திருந்தாய்.

பில்லர்கள் எழும்பி, மேல்தளம் போட்டு, சுற்றிலும் செங்கல் சுவர் வைக்கத் தொடங்கிய சமயம். கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். அண்ணாச்சி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சினியரம்மா, வடக்குச் சுவருல ஒரு வாசல் வச்சிருங்களேன். வடக்குத் தெரு ஆளுக அப்படியே வந்து சாப்பிட்டுட்டு அப்படியே போயிருவாவ. பாவம், எதுக்குச் சுத்தி வரணும்? உள்ள குறுக்க ஒரு சின்னச் சுவரு வச்சா அவியளுக்கும் தோதா இருக்கும்."

எவ்வளவு கருணையான பேச்சு! கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். வடக்குத் தெருக்காரர்கள் வேறு சாதி. அவர்கள் நம்மோடு ஒரே வாசலில் நுழைந்து ஒரே பந்தியில் உட்காரக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். நாற்காலிக்குக் கீழே நீ என் காலை மிதித்தாய். வலித்தது.

"அது முடியாதே அண்ணாச்சி" என்றாய், ரொம்ப சாதாரணமாக. "அது பாரம் தாங்குத சுவரு. அதுல வாசல் வெட்டினா மேல தளம் இறங்கிரும்."

"சின்ன வாசலாக் கூடவா முடியாது?"

"சின்னதுன்னாலும் விரிசல் விடும்."

"ஆபத்து நேரத்துல வெளிய போக இன்னொரு வழி வேணும்லா?" என்று ஒருவர் சாமர்த்தியமாகக் கேட்டார்.

"அதுக்குத்தான கிழக்க ரெண்டு பெரிய வாசல் வச்சிருக்கேன். ரெண்டும் ஒரே முத்தத்துல போயி இறங்குது" என்றாய். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரிக் கேட்டாய்: "வடக்குத் தெரு ஆளுக கிழக்க வந்தா என்ன? கொஞ்ச தூரந்தான சுத்து?"

எல்லாரும் சிரித்தார்கள். "இஞ்சினியரம்மாவுக்கு ஊர் வழக்கம் ஒண்ணும் தெரியல. கம்பியும் சிமெண்டுந்தான் தெரியும்" என்றார் ஒருவர். அண்ணாச்சியும் சிரித்தார். "செரி, முடியாததை எப்படிச் செய்ய? விடுங்க" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்பதே புரியாமல், முடியும் முடியாது என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாயே என்று. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லெமன் சோடாக் கடையில் வண்டியை நிறுத்தினாய். நான் அத்தனையையும் கொட்டித் தீர்த்தேன். நீ சோடாவைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்.

"ஏட்டி, நானும் இந்த ஊருலதான பொறந்தேன்? அந்தச் சுவரு எந்தப் பாரத்தையும் தாங்கல. வெறும் அடைப்பு. நாளைக்கே இடிச்சுப் போட்டாலும் மண்டபம் நிக்கும்."

எனக்கு வேறு கோபம் வந்தது. ஏன் பொய்? நேராக, இது சாதி வாசல், வைக்க மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை? என்னையும் ஏன் சொல்ல விடவில்லை?

"சொன்னா வாக்குவாதம் வரும். ஓட்டுக்கு விடுவாவ. இன்னைக்கு நிலவரத்துல நாம தோப்போம். தோத்தா வாசல் வந்துரும். வந்தா அம்பது வருசம் அங்கன நிக்கும். நாம செத்த பிறகும் பிள்ளைய அதுவழியாப் போயிட்டு வந்துக்கிட்டிருக்கும். நீ பேச வேண்டியதை அடுத்த வருசமும் பேசலாம், பத்து வருசம் கழிச்சும் பேசலாம். சுவரு இந்த வாரந்தான் எழும்புது."

"கொத்தனாருக்குத் தெரியாதா, இது அடைப்புச் சுவருன்னு?"

"அவரு வீடு எந்தத் தெருவுலன்னு கேட்டியா நீ?" என்றாய். நான் கேட்டதில்லை. வடக்குத் தெரு.

அப்போதுதான் சத்தியம் வாங்கினாய். "என்னைக்காவது ஒரு இஞ்சினியர் வருவான். தட்டிப் பாப்பான். இதைக் கட்டினவ மடச்சின்னு சொல்லுவான். சொல்லிட்டுப் போறான். நீ வாயைத் திறந்துராத." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் கடைக்காரரிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுக்காமல் நின்றாய். "கணக்குல பொய் சொன்னது இதான் முதல் தடவ." என்றாய்.

மண்டபம் திறந்தது. முதல் கல்யாணத்தில் வடக்குத் தெருவிலிருந்து பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்களும் முற்றத்தில் தயங்கி நின்றுவிட்டு, கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவில் சிலர் அந்தப் பந்திக்கு முன்பே கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். "பாத்தியா, உன் சுவரு என்னத்தைக் கிழிச்சிது?" என்று உன்னைக் குத்தினேன். "கான்கிரீட் ஊத்தின மறுநாளே மேல ஏறிக் குதிக்கக் கூடாது. தினம் தண்ணி விடணும். போயி அவிய பக்கத்துல உக்காரு" என்றாய். போய் உட்கார்ந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதுவே என் வேலையாகிவிட்டது. நீயும் வருவாய், இலையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய். எந்த வருடம் மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது பந்தியில் இடம் பிடிக்கத்தான் அடிதடி. பக்கத்தில் யார் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. இல்லை, சிலர் இன்னும் பார்க்கிறார்கள். அதையும் உனக்கு மறைக்கப் போவதில்லை.

உனக்குத்தான் அந்தப் பொய் ஒட்டிக்கொண்டது. பில்லர் போட்ட கட்டடத்தில் சுவர் பாரம் தாங்குகிறது என்று சொன்னவள் என்று உன் தொழில்காரர்கள் தங்களுக்குள் கேலி பேசினார்கள். ஒரு பெரிய வேலை அதனாலேயே கைவிட்டுப் போனது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "வேற வேலையா இல்ல?" என்பாய். நோயில் படுத்த கடைசி மாதங்களில்கூட, வருகிறவர்கள் உன்னிடம் வீட்டு பிளானைக் காட்டி யோசனை கேட்டார்கள். நீ தலையணையில் சாய்ந்தபடியே கிணற்றைத் தள்ளி வை, படிக்கட்டை அகலமாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அதற்காக வந்தவர்தான் அந்த இளைஞர். சிவகிரிக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர். கெட்டிக்காரர், வாய்தான் நீளம். அவர் சுவரைத் தட்டி அந்த வார்த்தையைச் சொன்னதும், அண்ணாச்சியின் தங்கை மகன், உரக்கடை வைத்திருப்பவர், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பம் வடக்க ஒரு வாசல் வச்சிரலாம்லா? அந்தக் காலத்துலயே கேட்டது. அந்தம்மா கணக்குத் தெரியாம முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே என்ன தடை?"

கமிட்டியில் இப்போது வடக்குத் தெருவிலிருந்து செல்வி இருக்கிறாள். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். உன்னை அடிப்படையே தெரியாதவள் என்று சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று எழுந்துவிட்டேன்.

"அவளுக்குக் கணக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லாதீங்க" என்று தொடங்கினேன்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "நான் சொல்லுதேன்."

அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. எழுந்து நிற்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"தம்பி, அந்தம்மாவுக்குக் கணக்குத் தெரியும். முந்தின வருசந்தான் என் கடையக் கட்டிக் குடுத்தாவ. நாலு பக்கமும் ஷட்டர், சுவரே கிடையாது. இது எப்படிம்மா நிக்கும்னு கேட்டேன். பில்லருதான் தாங்கும், சுவரு சும்மா அடைப்புக்குன்னு தாளுல வரைஞ்சு காட்டினாவ. அதே அம்மா மறு வருசம் சுவரு தாங்குதுன்னு சொன்னா எனக்குத் தெரியாதா?"

இளைஞர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன் மாமா சும்மா இருந்தீய?" என்றார் உரக்கடைக்காரர்.

"எங்க ஆளுக கேக்கச் சொன்னாவ, கேட்டேன். அந்தம்மா முடியாதுன்னு சொன்னப்போ, அப்பாடான்னு இருந்துது. எனக்கு வேண்டாம்னு சொல்லத் தைரியம் இல்ல, அவ்வளவுதான். கேட்டவங்ககிட்ட எல்லாம், அந்தம்மாவுக்குக் கணக்குதான் தெரியும், மனுசரைத் தெரியாது, என்ன செய்யன்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இஞ்சினியருன்னா அப்படித்தானன்னு எல்லாரும் நம்பிட்டாவ. ஒருத்தரும் திருப்பிக் கேக்கல."

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போது செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. "எங்களுக்கும் தெரியும் டீச்சர். கட்டின கொத்தனாரு எங்க மாமனாருல்லா. வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றாள். பார்த்தாயா? தலைவருக்குத் தெரியும், வடக்குத் தெருவுக்குத் தெரியும். நான் ஒருத்திதான் இத்தனை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு ரகசியம் காத்திருக்கிறேன்.

அண்ணாச்சி உட்காரவில்லை. "இனி பொய் வேண்டாம். தம்பி சொல்லிட்டாரு, வடக்குச் சுவருல வாசல் வெட்டலாம். வெட்டணுமா வேண்டாமாங்கது இஞ்சினியர் சொல்லுத விசயம் இல்ல. நாம சொல்லுதது. வேணுங்கவங்க கையத் தூக்குங்க" என்றார்.

அந்தச் சில நொடிகள் எனக்கு எப்படிப் போயின என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. உரக்கடைக்காரர் கையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். பின்வரிசையில் இன்னொரு கை பாதி எழுந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. வேறு யாரும் தூக்கவில்லை. உரக்கடைக்காரர் முகம் சிவந்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்ப வருவாரா என்று தெரியாது.

"வாசல் வைக்கணும்னா கிழக்க இன்னொண்ணு வைங்க" என்றாள் செல்வி. "முகூர்த்தம் முடிஞ்சா அங்கன செருப்புக் கண்டுபிடிக்கதுக்குள்ள பஸ்ஸு போயிருது." எல்லாருக்கும் அது பெரிய பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது. அடுத்த அரை மணி நேரம் செருப்பு வைக்கும் இடத்தைப் பற்றியே பேசினார்கள். நான் ஆசைப்பட்ட அந்தப் பெரிய பேச்சு, சாதி என்ற சொல்லே வராமல் முடிந்துபோயிருந்தது. அதில் எனக்கு இப்போதும் ஒரு குறை உண்டு. ஆனால் ஒளிவு மறைவில்லாமல் கேட்டு, ஒளிவு மறைவில்லாமல் வேண்டாம் என்றார்கள். உன்னால் அன்றைக்கு அந்த வாய்ப்பை எனக்குத் தர முடியவில்லை. அது வரும்வரை சுவரை நிறுத்தி வைக்க முடிந்தது.

வெளியே வந்ததும் அந்த இளைஞர் என்னிடம் வந்தார். "மன்னிச்சிருங்க டீச்சர், தெரியாமப் பேசிட்டேன்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "ஆனாலும் ஒரு இஞ்சினியர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர். பின்னால வர்றவன் அதை நம்பி வேற கணக்கைத் தப்பாப் போட்டுட்டா?" எனக்குக் கோபம் வரவில்லை. அவரை உன் மாடிக்குக் கூட்டி வந்து உன் எதிரில் உட்கார வைக்க முடியவில்லையே என்றுதான் ஏக்கமாக இருந்தது. நீங்கள் இருவரும் விடிய விடியப் பேசியிருப்பீர்கள், நான் ஒரு வார்த்தை புரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று உறைத்தது. எந்தக் கம்பியையும் இரண்டு முறை அளக்கிற நீ, அண்ணாச்சிக்கு வரைந்து காட்டியதை மறந்திருக்க மாட்டாய். தெரிந்துதான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாய். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எதை வைத்துக் கணக்குப் போட்டாய்? நான் அந்த மனிதரைப் பார்த்தபோதெல்லாம் ஒரு சாதித் தலைவரைத்தான் பார்த்தேன். நீ அவருக்குள்ளே தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறாய். சமூக அறிவியல் நடத்துவது நான்.

ஆசிரியர் அறையில் இப்போதும் அந்தப் பேச்சு வரும். இஞ்சினியர்கள் இப்படி, வக்கீல்கள் அப்படி, வியாபாரிகள் இப்படி என்று. முன்பென்றால் நானே எடுத்துக் கொடுப்பேன். இப்போது, ஒருவரைப் பற்றி ஊரே ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் சத்தமில்லாமல் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கத் தோன்றுகிறது. பல நேரம் ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் பார்க்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அது.

மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த இஞ்சினியரம்மா ஊரையே ஏமாத்திட்டாவளாம்லா, என்ன பொய்யி!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் வாய்விட்டுச் சிரித்தார். மெனக்கெட்டு நின்று முழுவதையும் கேட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருடம் இந்த ஊருக்கு நீ உலகம் தெரியாதவள். இனிமேல் நீ ஊரறிந்த பொய்க்காரி. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா, ஏட்டி?